நனைய வேண்டும், காய வேண்டும்: மலைநாட்டு வீட்டில் காற்றுச்செடி

(தலவாக்கலையில் ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காற்றுச்செடியை வீட்டில் வளர்ப்பது பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். எயார் பிளாண்ட் என்று கடைகளில் விற்கிறார்களே, அதைப் பற்றித்தான். மண் வேண்டாம், சட்டி வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம், கட்டித் தொங்கவிட்டால் போதும் என்று சொல்லி விற்கிறார்கள். இதில் முதல் இரண்டும் உண்மை, மூன்றாவது பொய். அந்தப் பொய்யை நம்பியவர்கள் வீட்டில் செடி காய்ந்து சாகிறது. "தண்ணீர் வேண்டும்" என்று யாரோ சொல்லக் கேட்டு, மழை நாளிலும் விடாமல் தெளிப்பவர்கள் வீட்டில் செடி அழுகிச் சாகிறது. நான் பார்த்த அளவில், நம் மலையில் காய்ந்து செத்ததைவிட அழுகிச் செத்ததுதான் அதிகம்.

ஆகவே நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். காற்றுச்செடி நனைய வேண்டும், நனைந்த பிறகு காய வேண்டும். எப்போது நனைப்பது, எவ்வளவு நேரம் காயவிடுவது என்பதை எங்கோ அச்சடித்த அட்டவணை சொல்லாது. நம் ஊர்க் காற்றுத்தான் சொல்லும். அந்தக் காற்றை நாம் கவனிக்கப் பழகிக்கொண்டால் செடி பிழைத்துவிடும்.

மண்ணில்லாமல் வாழும் செடி நமக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். நாளைக்கு மலைக்குப் போகும்போது, நிழலுக்கு நட்டிருக்கும் சவுக்கு மரம் ஒன்றின் பக்கத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். பட்டை வெடிப்பில் பச்சைப் பாசி இருக்கும். அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் தட்டையாக ஒட்டிய இலைக்கன். கிளைகளிலிருந்து நூல் நூலாகத் தொங்குகிறதே, அதுவும் ஒருவகை இலைக்கன்தான். கிளைக் கவட்டில் ஒரு பன்னம் முளைத்திருக்கும். ஹோட்டன் சமவெளிப் பக்கமும் சிவனொளிபாத மலைக் காட்டுப் பக்கமும் போனால் மரக்கிளைகளில் ஓர்க்கிட்கள் நிற்கும். இலங்கையில் 180க்கும் மேற்பட்ட ஓர்க்கிட் இனங்கள் பதிவாகியிருக்கின்றன. மணக்கும் வெள்ளைப் பூப் பூக்கும் சீலோஜைன் ஒடோராட்டிசிமா நம் மலையிலும் தென்னிந்திய மலைகளிலும் வளர்வது. எரியா பைகலர் என்ற இன்னொன்று இலங்கையை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. இவை எல்லாவற்றையும் மேலொட்டிகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்.

இந்த இடத்தில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துவிட வேண்டும். மரத்தில் எது ஒட்டியிருந்தாலும் அது மரத்தை உறிஞ்சுகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எல்லாமே குருவிச்சைதான், வெட்டி எறி என்கிறோம். குருவிச்சை கிளைக்குள் தன் பருகியை இறக்கி, மரத்தின் நீரையும் உப்பையும் எடுத்துக்கொள்ளும். அது பிடித்த இடத்தில் கிளை வீங்கியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேலொட்டி அப்படிச் செய்வதில்லை. அதன் வேர் பட்டைக்கு வெளியே, பிடிமானத்துக்காக மட்டும் படர்ந்திருக்கும். சாப்பாடு அதன் சொந்தச் சம்பாத்தியம். மழையிலும் மூடுபனியிலும் காற்றில் வரும் தூசியிலும் இருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. கவ்வாத்து வெட்டிய பிறகு தேயிலைத் தண்டில் பாசி சுரண்டுகிறோமே, அதுகூடப் பாசி செடியை உறிஞ்சுகிறது என்பதற்காக அல்ல. பாசி ஈரத்தைத் தேக்கி வைத்துப் புதுத் துளிர் வருவதைத் தடுக்கும், அதனால்தான். தேங்கும் ஈரம் கெடுதி என்பது இந்த மலையில் வேலை செய்யும் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த பாடம். காற்றுச்செடிக்கும் அதே பாடம்தான்.

இப்போது கடையில் விற்கும் காற்றுச்செடிக்கு வருவோம். அதன் பெயர் டில்லாண்ட்சியா. அறுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து மெக்சிக்கோ, குவாத்தமாலா வழியாக ஆர்ஜென்டீனா வரை இவற்றின் சொந்த ஊர் பரந்து கிடக்கிறது. நாம் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடும் அன்னாசியும் இதே குடும்பம்தான். இந்தக் குடும்பத்தில் ஆயிரக்கணக்கான இனங்கள் இருந்தும், மேற்கு ஆபிரிக்காவில் வளரும் ஒரே ஓர் இனத்தைத் தவிர மற்ற எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. ஆகவே யாராவது ஒரு டில்லாண்ட்சியாவைக் காட்டி "நம்ம காட்டில் எடுத்தது" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

என் கையில் இருப்பது டில்லாண்ட்சியா அயனாந்தா. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் கிட்ட வந்து இந்த உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். இலையின் மேல் வெள்ளி நிறத்தில் பொடி தூவினமாதிரித் தெரிகிறதல்லவா? அது தூசியில்லை, துடைத்துவிடக் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய வட்டச் செதில். இப்போது ஒரு துளித் தண்ணீர் விடுகிறேன். பாருங்கள், துளி பட்ட இடத்தில் வெள்ளி மறைந்து பச்சை தெரிகிறது. செதிலின் ஓரம் செத்த கலங்களால் ஆனது. காய்ந்திருக்கும்போது அது மேலே தூக்கி நின்று வெயிலைத் திருப்பி அனுப்பும். நனைந்ததும் படிந்து, தண்ணீரைத் தனக்கடியில் இழுத்து, நடுவில் உள்ள உயிருள்ள கலங்கள் வழியாக இலைக்குள் விடும். மண்ணில் நிற்கும் செடிக்கு வேர் செய்யும் வேலையை இதற்கு இலை செய்கிறது. இதன் வேர் பிடித்துக்கொள்ள மட்டுமே. ஸ்பானிஷ் பாசி என்று கொத்துக் கொத்தாகத் தொங்கவிடுகிறார்களே, டில்லாண்ட்சியா உஸ்னியோடெஸ், அது வளர்ந்த பிறகு வேரே இல்லாமல் வாழும். பெயரில் பாசி இருந்தாலும் அது பாசியில்லை, பூக்கும் தாவரம்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. வெள்ளி நிறம் கூடிய செடி வறண்ட இடத்தில் பிறந்தது, செதில் அதிகம், வெளிச்சம் தாங்கும், தண்ணீர் குறைவாகப் போதும். பச்சை நிறம் கூடிய, இலை மெல்லிய செடி ஈரக் காட்டில் பிறந்தது. அதற்கு நிழலும் ஈரமும் கொஞ்சம் அதிகம் வேண்டும். செடியின் பெயர் தெரியாவிட்டாலும் நிறத்தைப் பார்த்தே அதன் தேவையை ஊகிக்கலாம்.

இன்னொரு இயல்பும் முக்கியம். பெரும்பாலான செடிகள் பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை எடுக்கின்றன. வெள்ளி நிற டில்லாண்ட்சியாக்கள் பகலில் இலைவாயை மூடி, இரவில் திறக்கின்றன. வெயிலில் நீர் வீணாகாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. அன்னாசியும் கள்ளியும்கூட இப்படித்தான். இப்போது யோசித்துப் பாருங்கள். மாலையில் செடியை முக்கி எடுத்து ஈரத்தோடு தொங்கவிட்டால், இரவு முழுவதும் இலைமேல் தண்ணீர்ப் படலம் இருக்கும். மூச்சுவிட வேண்டிய நேரத்தில் மூக்கைப் பொத்துகிறோம். ஆகவே நனைப்பது எப்போதும் காலையில். நாலு மணி நேரத்துக்குள் செடி முழுதாகக் காய்ந்துவிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எப்படி நனைப்பது? அகலமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, செடியை முழுதாக முக்கி 20 நிமிடம், கூடினால் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு தலைகீழாகப் பிடித்து மெதுவாக உதறுங்கள். இலைகள் கூடும் நடுக்குருத்தில் தண்ணீர் நின்றால்தான் அழுகல் தொடங்கும். கவிழ்த்தபடியே காற்றோட்டமுள்ள இடத்தில் காயவைத்து, பிறகு அதன் இடத்தில் மாட்டுங்கள். ஸ்பானிஷ் பாசி, அயனாந்தா போன்றவற்றுக்கு இது சரி. சீரோகிராபிக்கா என்று அகன்ற இலை சுருண்டு பந்தாக நிற்கும் பெரிய இனத்தை முக்கிவைக்கவே வேண்டாம். மேலாகத் தெளித்துக் கவிழ்த்துக் காயவிட்டால் போதும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு, ஊரைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். பனிக்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றி வைக்கும் நாடுகளில் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும். அங்கே எழுதிய புத்தகம் கிழமைக்கு ஒருமுறை ஊறவை, நடுவில் இரண்டு முறை தெளி என்று சொல்கிறது. அதை அப்படியே தலவாக்கலையில் செய்தால் ஆடி மாதத்துக்குள் செடி போய்விடும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் சென் கூம்ஸ் தோட்டம் கடல் மட்டத்திலிருந்து 1,382 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் வருடத்தின் பாதிக்கு மேல் காற்றே ஈரத்தைச் சுமந்து வருகிறது. ஆகவே நம் ஊருக்கு நாமே ஒரு நாட்காட்டி போட்டுக்கொள்வோம்.

வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை, அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று. மலை முழுதும் மூடிக்கிடக்கும், கழுவிப்போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. துணி காயாத காலத்தில் செடிக்குத் தண்ணீர் விட வேண்டாம். இதை நல்ல அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் நம் வேலை செடியை மழை நேரே விழாத இறவாரத்துக்குக் கீழே, காற்று ஓடும் இடத்தில் மாட்டிவைப்பதுதான். பத்து நாளைக்கு ஒருமுறை இலையைத் தொட்டுப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை, காலையில் வெயில். கிழமைக்கு ஒருமுறை காலையில் நல்ல தெளிப்புப் போதும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. தை, மாசியில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவு நடுங்கும். நுவரெலியாப் பக்கத்துச் சமதரைகளில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும் காலம் அது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும் இரவுகளில் செடியை உள்ளே எடுத்துவிடுங்கள். ஈரமாக இருக்கும் செடியைக் குளிர் இன்னும் சீக்கிரம் கெடுக்கும், அதனால் அந்த நாட்களில் விடியற்காலையில் நனைக்காமல் வெயில் ஏறிய பிறகு நனையுங்கள். பெப்ரவரி கடைசியும் மார்ச் மாதமும்தான் நம் ஊரில் காற்றுச்செடிக்கு உண்மையான தாகம் எடுக்கும் காலம். அப்போது கிழமைக்கு ஒருமுறை முழு ஊறல் கொடுங்கள், நடுவில் ஒரு தெளிப்பும் கொடுங்கள்.

தாகம் எடுத்த செடி இலையை உள்பக்கமாகச் சுருட்டும், நுனி பழுப்பாகும், தூக்கிப் பார்த்தால் கனம் இருக்காது. ஒரு ஊறலில் அது மீண்டுவிடும். அழுகும் செடி வேறு. அடிப்பக்கம் கறுத்து, தொட்டால் மெத்தென்று இருக்கும், நடு இலையை இலேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். அதை மீட்க முடியாது. ஆகவே சந்தேகம் வந்தால் தண்ணீரைக் குறையுங்கள். குறைந்ததைத் திருத்தலாம், கூடியதைத் திருத்த முடியாது.

தண்ணீரில் நமக்குக் குறையில்லை. மழைத்தண்ணீர் முதல் தரம். பீலித் தண்ணீர் மலைப்பாறையில் ஊறி வருவது, சுண்ணாம்பு குறைந்தது, அதுவும் நல்லது. நகரத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் வாய் அகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு திறந்து வைத்துவிட்டுப் பாவியுங்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் உறவினருக்குச் செடி கொடுத்தால் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். அது சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர். காய்ந்ததும் இலைமேல் வெள்ளைப் படிவு விழுந்து செதில்களை அடைத்துவிடும். கொழும்பில் இருப்பவர்களுக்கு வெக்கை அதிகம், அவர்கள் நம்மைவிட அடிக்கடி நனைக்க வேண்டியிருக்கும். கொடைக்கானலிலும் உதகையிலும் இருப்பவர்களுக்கு மழை மாதங்கள் கொஞ்சம் மாறினாலும் விதி இதேதான்.

இனி, தேயிலைத் தோட்டத்தில் வாழும் நாம் மட்டும் அறிந்திருக்க வேண்டிய ஓர் ஆபத்து இருக்கிறது. எந்தப் பொதுவான புத்தகத்திலும் இதை நமக்காக எழுதமாட்டார்கள். அதுதான் செம்பு.

1946ஆம் ஆண்டு இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் வந்தது. அதே ஆண்டில் தென்னிந்தியத் தேயிலையிலும் வந்தது. இளங்கொழுந்தில் வட்டமாகக் கொப்புளம் போட்டு, அடியில் வெள்ளை பூத்துக் கருகும் அந்தப் பூஞ்சண நோயை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். வெயிலில்லாத, பனிமூட்டமான, இலை காயாத நாட்களில்தான் அது பரவும். அன்றிலிருந்து இன்றுவரை அதற்கு முதன்மையான மருந்து செம்பு கலந்த பூஞ்சணக்கொல்லி. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இந்த நோயைக் கட்டுப்படுத்தும் முறைகளில் நீண்ட காலம் உழைத்திருக்கிறது. அந்த மருந்து இல்லாவிட்டால் மழைக் காலத்தில் நமக்குக் கொழுந்து இல்லை, பேர் இல்லை, அதாவது நாட்சம்பளம் இல்லை.

ஆனால் தேயிலையைக் காக்கும் அதே செம்பு டில்லாண்ட்சியாவுக்கு விஷம். காரணம் நாம் சற்று முன் பார்த்த செதில்தான். காற்றில் மிதந்து வந்து இலையில் படிவதையெல்லாம் அது தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும், வேண்டாததை மண்ணில் விட்டுவிட அதற்கு மண்ணும் இல்லை. இந்த இயல்பை வைத்துத்தான் பிரேசிலிலும் ஆர்ஜென்டீனாவிலும் நகரத்துக் காற்றில் எவ்வளவு உலோகம் கலந்திருக்கிறது என்று அளக்க டில்லாண்ட்சியாவைக் கட்டித் தொங்கவிட்டு, பிறகு அதை எடுத்துச் சோதிக்கிறார்கள்.

ஆகவே மருந்தடிக்கும் மலைக்கு அருகில் உங்கள் வீடு இருந்தால், மருந்தடிக்கும் நாளில் செடியை உள்ளே எடுத்து வையுங்கள். மருந்தடித்துவிட்டு வந்த உடுப்போடும் கையோடும் செடியைத் தொட வேண்டாம். அந்தக் கையைக் கழுவாமல் பிள்ளையையும் தொட வேண்டாம், அது செடியைவிட முக்கியம். மருந்துத் தொட்டி கழுவிய வாளியில் செடியை முக்க வேண்டாம். செம்புக் குடத்தில் வைத்திருந்த தண்ணீர் வேண்டாம். செம்புக் கம்பியால் கட்ட வேண்டாம், தங்கூசி நூலால் கட்டுங்கள். பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைத் தூரில் காற்றுச்செடியைக் கட்டினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தூர் பல வருடம் செம்பு மருந்து குடித்தது. அதற்குப் பதிலாகச் சவுக்குக் கிளை, பழைய கொய்யாக் கிளை, சிரட்டை, கருங்கல் எதுவும் நல்லது. வார்னிஷ், பெயின்ட், கறையான் மருந்து பட்ட பலகை வேண்டாம்.

வீட்டில் எங்கே மாட்டுவது? கிழக்குப் பார்த்த யன்னல் ஓரமும் இஸ்தோப்பின் ஓரமும் சிறந்த இடங்கள். காலை வெயில் படலாம், உச்சி வெயில் படக் கூடாது. நம் லயத்துக் காம்பராவை நான் அறிவேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரு யன்னல், அதுவும் சில வீட்டில் இல்லை. உள்ளே அடுப்புப் புகை. புகைக்கரி இலையில் படிந்தால் செதில் அடைபடும், அதனால் அடுப்படியில் வேண்டாம். அப்படிப்பட்ட வீட்டில் செடி வெளியே இறவாரத்தில்தான் இருக்க வேண்டும். மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து விற்கிறார்கள், பார்க்க அழகு. நம் ஊர் ஈரத்தில் அதற்குள் எதுவும் காயாது. வாங்கினால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். காற்றுச்செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்றும் சொல்லி விற்பார்கள். ஒன்றிரண்டு செடியால் அறைக் காற்று சுத்தமாகாது. யன்னலைத் திறந்தால் ஆகும், புகைபோக்கி வைத்தால் ஆகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மண் வேண்டாத செடி என்பதால் காணி இல்லாத நமக்கு இது பொருத்தம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. முதல் கோப்பித் தோட்டத்துக்கு நம் முன்னோர் வந்ததாகச் சொல்லப்படும் 1823ஐ வைத்து 2023இல் மலையகம் இருநூறு என்று நினைவுகூர்ந்தோம். இருநூறு வருடம் இந்த மண்ணை வெட்டி, உரமிட்டு, மழையில் கரையாமல் காத்த மக்களுக்குச் சொந்தமாகக் காணி உறுதி வேண்டும். அதற்கு எந்தச் செடியும் ஈடாகாது. ஏழு பேர்ச்சஸ் காணி கிடைத்த குடும்பம் அதில் போஞ்சியும் கோவாவும் ஒரு பூமரமும் நடட்டும், கிடைக்காத குடும்பம் அதைக் கேட்டுப் பெறட்டும். காற்றுச்செடியை நாம் வளர்ப்பது அதன் அழகுக்காகவும் அதிலிருந்து பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்காகவும்.

உரம் பற்றி ஓரிரு வார்த்தை. தேயிலைக்குப் போடும் யூரியா கலவையைக் கரைத்து இதற்கு ஊற்றவே கூடாது. யூரியாவை உடைத்துக் கொடுக்க மண்ணில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன, இலைமேல் அந்த வசதி குறைவு. ஓர்க்கிட்டுக்கு விற்கும் உரத்தில் பொதியில் சொன்ன அளவின் நாலில் ஒரு பங்கை எடுத்துக் கரைத்து, வெயில் மாதங்களில் மாதம் ஒருமுறை தெளித்தால் போதும். பொதியின் பின்பக்கத்தில் செம்பின் அளவைப் படித்துப் பார்த்து, இருப்பதில் குறைந்ததை வாங்குங்கள். உரமே போடாவிட்டாலும் செடி சாகாது, மெதுவாக வளரும்.

பூவைப் பற்றிச் சொல்கிறேன். அயனாந்தா பூக்கும் காலத்தில் நடு இலைகள் சிவக்கும், அதன் நடுவிலிருந்து ஊதாக் குழல் பூ வரும். ஒரு செடி வாழ்நாளில் ஒருமுறைதான் பூக்கும். பூத்த பிறகு தாய்ச்செடி மெல்ல வாடும். பயப்படாதீர்கள். வாழை குலை தள்ளிய பிறகு பக்கக்கன்று எழும்புவதை நாம் காலங்காலமாகப் பார்த்திருக்கிறோம், இதுவும் அதே முறை. அடியில் ஒன்றோ இரண்டோ மூன்றோ கன்று வரும். அவசரப்பட்டுப் பிரித்தால் கன்று சாகும். தாயின் பாதியளவு வளர்ந்த பிறகு, இரண்டு விரலால் கன்றின் அடியைப் பிடித்துத் தாயிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். தானாகக் கழன்றால் எடுங்கள். இறுக்கமாக இருந்தால் இன்னும் இரண்டு மாதம் விடுங்கள். பிரித்த காயம் ஒரு நாள் காய்ந்த பிறகே தண்ணீர் காட்டுங்கள். பிரிக்காமலே விட்டால் கொத்தாக வளர்ந்து இன்னும் அழகாக நிற்கும். ஒரு செடி வாங்கியவர் பொறுமையாக இருந்தால் சில வருடத்தில் அக்கம்பக்கத்துக்கே கொடுக்கலாம். விதையிலிருந்து வளர்ப்பதென்றால் பூக்கும் அளவுக்கு வரப் பல வருடம் ஆகும்.

பொது நலம் சார்ந்த இரண்டு விடயங்களைச் சொல்லிவிடுகிறேன். செடி ஊறவைத்த பாத்திரத்தை உடனே கவிழ்த்துவிடுங்கள். தேங்கிய தெளிந்த நீர் நுளம்புக்குப் போதும், டெங்கு எந்த மலைக்கும் வரலாம். டில்லாண்ட்சியாவின் உறவான, இலை நடுவில் குவளையாகத் தண்ணீர் தேக்கும் புரோமிலியாட் செடிகள் வீட்டு வாசலில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் குவளைத் தண்ணீரை அடிக்கடி கொட்டிவிடுங்கள். இரண்டாவது, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் செடி போட்டுக்கொண்டு வர வேண்டாம். 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் செடி கொண்டுவர முடியாது. கொப்புள நோய் கடல் தாண்டி வந்த கதையை அறிந்த தேயிலைக்காரர்கள் நாம். ஒரு செடியோடு என்னென்ன வரும் என்பது நமக்கு விளங்க வேண்டும்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது. காற்றுச்செடி ஆசை வந்தவர் அடுத்ததாகக் காட்டைப் பார்க்கிறார். மரத்தில் நிற்கும் ஓர்க்கிட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து வாசலில் கட்டுகிறார். இதைச் செய்யாதீர்கள். ஓர்க்கிட் காய் ஒன்றுக்குள் தூசியைவிட நுண்ணிய விதைகள் ஏராளம் இருக்கும். அந்த விதைக்குள் சேமித்த உணவு இல்லை. காட்டு மரப் பட்டையில் வாழும் குறிப்பிட்ட பூஞ்சணம் அதைத் தொட்டு உணவு கொடுத்தால்தான் முளைக்கும். அந்த மரம், அந்தப் பட்டை, அந்தப் பூஞ்சணம், அதைத் தேடி வரும் பூச்சி எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஓர்க்கிட். நாம் பிடுங்கி வருவது அதில் ஒரு துண்டு. அது ஒரு பூப் பூத்துவிட்டுச் சாகும், காட்டில் அந்த இடம் வெறுமையாகும். 1937ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையில் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியிலிருந்து ஒரு செடியை எடுப்பதும் குற்றம். உலக அளவில் எல்லா ஓர்க்கிட்களும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கின்றன. அளவுக்கு மீறிக் காட்டிலிருந்து எடுத்ததால் டில்லாண்ட்சியா சீரோகிராபிக்காவையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது.

பிடுங்க வேண்டிய அவசியமும் இல்லை. 1922இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன் என்ற அறிஞர், பூஞ்சணம் இல்லாமலே சர்க்கரை கலந்த ஊடகத்தில் ஓர்க்கிட் விதையை முளைக்க வைத்துக் காட்டினார். இன்று கடையில் விற்கும் ஓர்க்கிட் கன்றுகளில் பல அந்த வழியில் வந்தவை. குவாத்தமாலாவில் டில்லாண்ட்சியாவைப் பண்ணைகளில் வளர்த்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். ஆகவே வாங்கும்போது "இது பண்ணையில் வளர்ந்ததா?" என்று கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் வாங்க வேண்டாம். காட்டு ஓர்க்கிட்டைப் பார்க்க ஆசையிருந்தால், 1821இல் தொடங்கிய பேராதனைத் தாவரவியல் பூங்காவின் ஓர்க்கிட் கூடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். 1861இல் சிங்கோனா வளர்ப்பதற்காகத் தொடங்கிய ஹக்கலைப் பூங்கா நமக்கு இன்னும் கிட்ட இருக்கிறது. அங்குள்ள பன்னங்களையும் பாசி படிந்த மரங்களையும் காட்டுங்கள். தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறை நடத்தும் ஓர்க்கிட் தோட்டத்தைப் பார்க்கலாம்.

அதேபோல வாங்கிய வெளிநாட்டுச் செடியைக் காட்டு மரத்தில் கட்டிவிட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த கோர்ஸ் முள் இன்று ஹோட்டன் சமவெளியில் பரவிக் கிடப்பதை நாம் பார்க்கிறோம். வீட்டுச் செடி வீட்டில் இருக்கட்டும், காட்டுச் செடி காட்டில் இருக்கட்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரே ஒரு காற்றுச்செடியை யன்னலோரம் மாட்டுங்கள். பக்கத்தில் ஒரு கொப்பி வையுங்கள். இன்று மூடுபனியா, மழையா, வெயிலா, செடி நனைந்து எத்தனை மணிக்குக் காய்ந்தது என்று ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை எழுதட்டும். ஒரு வருடம் முடியும்போது அந்தக் கொப்பி தலவாக்கலைக் காற்றின் கணக்காக இருக்கும். இந்த மலையின் மழையையும் ஈரத்தையும் இதுவரை தேயிலைக்காக மற்றவர்கள் அளந்தார்கள். இனி நம் பிள்ளைகளும் அளக்கட்டும்.

தாய்மாரே, செடி வாங்கினால் காலையில் நனையுங்கள், கவிழ்த்து உதறுங்கள், நாலு மணி நேரத்தில் காயவிடுங்கள், துணி காயாத நாளில் தண்ணீர் விடாதீர்கள், செம்பைக் கிட்டச் சேர்க்காதீர்கள், காட்டில் கை வைக்காதீர்கள். இவ்வளவையும் செய்தால் உங்கள் செடி பூக்கும்.